முதல் மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு

ஸ்மார்ட் மீட்டர் என்றதும் எங்கள் தெருவில் எழும் முதல் கேள்வி, ‘பில் ஏறுமா?’ என்பதுதான். நியாயமான பயம். ஆனால் திருவண்ணாமலைக்காரனாக எனக்கு வேறொரு கேள்வி உண்டு: முதல் மீட்டர் எங்கே வைக்கப்படும்?

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜூஸ் கடை மிக்ஸி, சீரியல் விளக்கு, விடுதி ஏசி எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் போனால் எங்கள் வரிசை இருட்டு. எதிர்வரிசையில் டிவி பாடும். யாராவது போன் செய்த பிறகே லைன்மேன் வந்து ஃபியூஸ் கம்பி கட்டுவார். சுமை ஏறும்போதே தகவல் அனுப்பும் மீட்டர் அந்த டிரான்ஸ்பார்மரில் இருந்தால், ஃபியூஸ் போகுமுன்பே சுமையைப் பிரித்துவிடலாம். 2021-இல் மத்திய அரசு தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் ஃபீடர்களுக்கும் டிரான்ஸ்பார்மர்களுக்கும் மீட்டர் பொருத்துவதும் உண்டு. அதை முதலில் முடியுங்கள்.

வீட்டு மீட்டரால் எங்களுக்கும் லாபம் வேண்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மானியம் குறைந்து பில் எகிறுகிறது. தாண்டியது தெரிவதோ, கணக்கெடுப்பவர் வந்து பார்க்கும்போதுதான். அன்றாட அளவு செல்போனில் தெரிந்தால் வாட்டர் ஹீட்டரை நாங்களே நிறுத்திக்கொள்வோம். 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்த மாதாந்திரக் கணக்கீட்டுக்கு, ஆள் பற்றாக்குறை என்ற சாக்கும் இராது. மீட்டரோடு அதையும் சேர்த்தே கொடுங்கள்.