மலையிலிருந்து இறங்கியவர்

மோசே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சீனாய் மலைதான். இடியும் மேகமும் சூழ இறைவனிடம் பத்துக் கட்டளைகளைப் பெற்றவர் என்றே அவரை அறிந்திருக்கிறோம். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் யாத்திராகமத்தையும் உபாகமத்தையும் படித்தபோது, அவர் மலை ஏறியதைவிட இறங்கி வந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். தமக்குப் பேச வராது என்று தயங்கியவர் மோசே. அதனால் அண்ணன் ஆரோனைத் துணைக்குப் பெற்றார். எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்து அப்போதுதான் விடுபட்ட மக்கள் அவர் முன் நின்றனர். சட்டத்தை எழுதி வைத்ததோடு அவர் கடமை முடியவில்லை. எல்லாரும் கேட்க வாசித்தார். வழக்குகளைத் தனியொருவராய்த் தீர்த்துக் களைத்தபோது, மாமனார் எத்திரோவின் அறிவுரைப்படி பத்துப் பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர் எனத் தலைவர்களை அமர்த்தினார். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஆண், பெண், குழந்தை, அந்நியர் அனைவரையும் கூட்டிச் சட்டத்தை வாசிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். தெரியாத சட்டம் யாரையும் காக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தச் சட்ட நூல்கள் தமிழுக்கு வந்த கதையும் அத்தகையதே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் முதலில் தமிழ் கற்றார். 1719-இல் இறக்கும் முன், மோசேயின் ஐந்து நூல்களையும் தாண்டி ரூத் வரை மொழிபெயர்த்து முடித்தார். மக்களின் மொழியில் சொன்னால்தான் மக்களைச் சேரும் என்பது அவருக்கும் புரிந்திருந்தது.

இதையெல்லாம் நான் நினைக்கக் காரணம் காப்பாரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. மெர்டேக்காவுக்கு முன் அங்குள்ள தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டியே வாழ்ந்தவர். கையிலிருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. சென்ற விடுமுறையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ யூனிவர்சிட்டியில படிக்கிற. இது என்னானு பாரு" என்று பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மலாயில் எழுதப்பட்ட அரசாங்கக் கடிதம். பாட்டி சந்தையில் மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்றெண்ணி மூன்றாண்டுகளாய் மூடி வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். சில பத்திரங்களோடு நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தது. நாள் எப்போதோ கடந்துவிட்டது!

விடுதலைக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் குடியுரிமைக்குப் பதிவு கேட்க அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் 1957 முதல் இருக்கிறது. பாட்டியின் வீடுவரை அதைக் கொண்டுவந்து சொல்லத்தான் ஆளில்லை.

இறைவனின் சட்டமும் அரசாங்கத்தின் சட்டமும் ஒன்றா என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் இடையில் நின்று எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. மலாய் படிக்காதது பாட்டியின் குற்றம்தானே என்றும் சிலர் சொல்வர். விடியுமுன் மரம் வெட்டப் போனவருக்குப் பள்ளிக்கூடம் யார் வைத்திருந்தார்கள்?

பல்கலைக்கழகம் நமக்கு ஒரு மலை. ஏறியதற்குப் பாராட்டும் மாலையும் போதுமான அளவு பெற்றுவிட்டோம். நம் கழகம் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகிறது, மகிழ்ச்சி. அதோடு மாதத்தில் ஒரு ஞாயிறு, நம் ஊர்க் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ அமர்ந்து, வருகிறவர்களின் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பாரம் நிரப்பித் தரவும் நம்மால் முடியாதா? பத்துப் பேருக்கு ஒருவர் போதும்.

பாட்டிக்காகப் புதிய விண்ணப்பம் ஒன்றை நிரப்பித் தந்திருக்கிறேன். பதில் வந்தால் அன்றே என்னை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை அந்தக் கடிதம் டின்னுக்குள் போகாது.