அச்சம் விற்கும் அங்காடி

ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய சொற்கள் உண்டு. மருத்துவரின் சொல்லும் மாலுமியின் சொல்லும் வழக்கறிஞரின் சொல்லும் தராசின் படிக்கல்லைப் போன்றவை; அவற்றுக்கு நிறுத்து வைத்த எடை இருக்கிறது. படிக்கல்லில் கள்ளம் செய்யும் வணிகனை நாம் மோசடிக்காரன் என்கிறோம். வானூர்தித் துறையின் சொற்களை எடுத்து, எடையை மாற்றி, அச்சமாக்கி விற்கும் நாளேடுகளையும் தொலைக்காட்சிகளையும் மட்டும் 'விறுவிறுப்பானவை' என்று மெச்சுகிறோம். அன்பு வாசகர்களே, இந்த மெச்சுதலை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மேலெழும்பிய சிறிது நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தெரிந்தது. விமானி திருச்சிக்கே திரும்ப முடிவு செய்தார். சார்ஜா வரை செல்வதற்கான எரிபொருள் விமானத்தில் நிறைந்திருந்தது. அத்தனை எடையோடு இறங்குவது உகந்ததன்று. அது போயிங் 737 வகையைச் சேர்ந்தது. பெரிய விமானங்கள் சிலவற்றில் இருப்பதைப் போல் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் ஏற்பாடு அதில் கிடையாது. பறந்து எரித்துத்தான் குறைக்க முடியும். ஆகவே அது 2 மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டது. பின்னர் சக்கரங்கள் முறைப்படி விரிய, 140-க்கும் மேற்பட்டோருடன் ஓடுபாதையில் நலமாக இறங்கியது. விமானி அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்று நிறுவனமும் கூறியது.

அந்த 2 மணி நேரத்தில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை எவை? 'நடுவானில் தத்தளிப்பு' என்ற கூக்குரல். சக்கரம் விரியாமல் வயிறு உரசி இறங்கப் போகிறது என்ற ஆரூடம். வட்டமிடுவது ஏன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், மகனை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய உம்மாவின் நெஞ்சு சற்றே அமைதி பெற்றிருக்கும். ஆனால் அமைதி பெற்றவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள். அது அங்காடிக்கு நட்டமல்லவா?

'அவசரத் தரையிறக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தால் விமானி 'மேடே' என்று மும்முறை அழைப்பார். நிலைமை அவசரமானது, ஆனால் உடனடி உயிராபத்து இல்லை என்றால் 'பான் பான்' என்று மும்முறை அழைப்பார். இவ்விரண்டும் இன்றி, முன்னெச்சரிக்கையாகத் திரும்பி இறங்குவதும் உண்டு. மூன்று படிகள், மூன்றுக்கும் வெவ்வேறு எடை. நம் ஏடுகளிலோ மூன்றுக்கும் ஒரே தலைப்பு! ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டி நின்றாலே தீப்பிடித்துவிட்டதைப் போல் எழுதுகிறார்கள். அது காவலுக்கு நிற்கும் வண்டி என்பதைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

'ஸ்டால்' என்றொரு சொல். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறும்போது அதன் தூக்கும் ஆற்றல் சரிந்துவிடுவதை அது குறிக்கும். செய்தியாளர் மோட்டார் வண்டியை நினைத்துக்கொண்டு 'இயந்திரம் நின்றது' என்று எழுதிவிடுகிறார். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து 228 பேரைப் பலிகொண்ட ஏர் பிரான்ஸ் 447 விமானம் இத்தகைய ஸ்டாலில்தான் சிக்கியது. அதன் இயந்திரங்கள் இறுதிவரை இயங்கிக்கொண்டிருந்தன. ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்தால் விபத்தின் காரணமே தலைகீழாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது அறியாமையால் விளையும் கேடு. அதனினும் கொடியது ஒன்றுண்டு. 1999 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட எகிப்து ஏர் 990 விமானம் கடலில் விழுந்து 217 பேர் மாண்டனர். துணைவிமானி ஒருவர் 'தவக்கல்து அலல்லாஹ்' என்று திரும்பத் திரும்பக் கூறியது ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. நம் இல்லங்களில் வாசற்படி தாண்டும் ஒவ்வொருவரும் மொழியும் சொல் அது. அமெரிக்க ஊடகங்களோ, 'நான் முடிவெடுத்துவிட்டேன்' என்றும் அவர் சொன்னதாகச் செய்தி பரப்பின. அப்படியொரு வாக்கியம் பதிவிலேயே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அத்துணைவிமானி கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கிய விதமே விபத்துக்குக் காரணம் என்று 2002-இல் அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு கூறியது. அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பதைத் தீர்மானிக்கவில்லை. எகிப்து அம்முடிவை ஏற்கவில்லை. வழக்கு எப்பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும். இறைவனிடம் பொறுப்பொப்படைக்கும் ஒரு சொல்லைக் கொலைச்சான்றாகத் திரித்த பழி ஊடகங்களைச் சேர்ந்ததே.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். ஒரு மாதம் கழித்து வந்த முதல் அறிக்கை, எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு நொடி இடைவெளியில் 'இயங்கும்' நிலையிலிருந்து 'துண்டிப்பு' நிலைக்கு மாறின என்றது. ஒரு விமானி 'ஏன் துண்டித்தீர்' என்று கேட்டதையும், மற்றவர் 'நான் செய்யவில்லை' என்றதையும் குறித்தது. எவர் எதைச் சொன்னார் என்று கூறவில்லை. 'மாறின' என்ற சொல்லை விசாரணையாளர்கள் அளந்தே எழுதினர். மறுநாளே அது பல இடங்களில் 'விமானி மாற்றினார்' என்றாகிவிட்டது. மாறியதற்கும் மாற்றியதற்கும் இடையே ஓர் எழுத்தின் தூரந்தான். ஆனால் அந்தத் தூரத்தில் இறந்த மனிதர் ஒருவரின் மானமும், அவரைப் பெற்றவர்களின் எஞ்சிய வாழ்நாளும் கிடக்கின்றன. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி. அந்த விதியை ஒரு தலைப்பு தின்றுவிட்டது!

'தொழிற்சொற்கள் பாமரருக்குப் புரியாது. நேரமோ குறைவு' என்பார்கள் செய்தியாளர்கள். பங்குச்சந்தைச் சொல்லையும் கிரிக்கெட்டுச் சொல்லையும் பாமரருக்குப் புரிய வைத்தவர்களுக்கு, வானூர்தி ஏன் வட்டமிடுகிறது என்பதை மட்டும் விளக்க முடியாதா? ஓய்வுபெற்ற விமானி ஒருவரைத் தொலைபேசியில் கேட்க ஐந்து நிமிடம் போதும். தலைப்பில் செய்த பிழைக்கு அதே அளவுத் தலைப்பில் திருத்தம் வெளியிடும் நேர்மையும் வேண்டும்.

வாசகர்களுக்கும் கடமை உண்டு. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நாம். இத்தகைய செய்தி வந்தால், விமானி ஆபத்து அறிவித்தாரா, யார் சொன்னார், எதைக் கொண்டு சொன்னார் என்று கேட்போம். விடை இல்லாத செய்தியை அடுத்த வீட்டுக்கும் அடுத்த கைப்பேசிக்கும் கடத்தாதிருப்போம். பிழை கண்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோம். வாங்க ஆளில்லாத சரக்கை எந்த வணிகனும் நெடுநாள் கடையில் வைத்திருப்பதில்லை.