பாகு கிண்டுவதற்கு மெஷின் வந்தால் ருசி போய்விடுமா?

கழுகுமலைக்கு வந்து வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். 2020-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று பெருமை பேச நிறைய இருக்கிறது. ஆனால் பாகைக் கிண்டுகிற கையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை!

கையால் கிண்டும் சின்னப் பட்டறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். சர்க்கரைப் பாகு நொறுங்கும் பதத்துக்கு வரும்போது சூடு சுமார் 150 டிகிரி. தெறித்தால் தண்ணீர் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த அடுப்பின் முன்னால் நின்றுதான் ஓர் ஆள் துடுப்புப் போடவேண்டும். நீர் வற்ற வற்றப் பாகு இறுகும், கடலையைக் கொட்டியதும் இன்னும் கனக்கும். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துக் கசந்துவிடும்.

இதற்கு மெஷின் இல்லையா? இருக்கிறது. பெயின்ட், பசை, ரெசின் தயாரிக்கும் ஆலைகளில் கெட்டியான பொருளைச் சூடாக்கிக்கொண்டே கலக்கும் ரியாக்டர்கள் பல காலமாக ஓடுகின்றன. மிட்டாய்த் தொழிலுக்கும் அதே தத்துவத்தில் கொப்பரைகள் உண்டு. சிக்கல் என்னவென்றால், எந்த மெஷின் என்று பார்த்து வாங்கவேண்டும்.

பிசுபிசுப்பை சென்டிபாய்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். தண்ணீர் 1 என்றால், தேன் சுமார் 10,000. தண்ணீர் போன்ற திரவத்தில் சின்ன விசிறி ஒன்று வேகமாகச் சுற்றினால் போதும், தொட்டி முழுக்கச் சுழன்று கலந்துவிடும். கெட்டிப் பொருளில் அது நடக்காது. விசிறியைச் சுற்றிக் கொஞ்ச இடம் மட்டும் அசையும், ஓரத்தில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். சூடு வருவதோ அந்த ஓரத்திலிருந்துதான்! பிறகு தீயாமல் என்ன செய்யும்?

அதனால்தான் கெட்டிப் பொருளுக்கு நங்கூர வடிவத்திலோ, திருகிய நாடா வடிவத்திலோ பெரிய துடுப்பு வைக்கிறார்கள். அது மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் பாத்திரத்தின் சுவரை ஒட்டியே சுற்றும். நுனியில் சுரண்டும் தகடு இருந்தால் அடியில் எதுவும் ஒட்டாது. அனுபவப்பட்ட கை துடுப்பை அடியோடு சேர்த்து இழுக்கிறதே, அதே வேலைதான்.

மோட்டார் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. இத்தகைய கலவையில் பிசுபிசுப்பு இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் சுற்றத் தேவையான சக்தியும் இரண்டு மடங்காகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி நான்கு மடங்கு வேண்டும். விற்பவர் தண்ணீரை ஊற்றி ஓட்டிக் காட்டினால் எந்த மோட்டாரும் ஜோராக ஓடும். கடைசிப் பதத்தில், கடலையும் சேர்ந்த பிறகு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்கவேண்டும்.

"மெஷின் வந்தால் ருசி போய்விடும்" என்பார்கள். கிண்டுவது வேறு, பதம் பார்ப்பது வேறு. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டி, 'டங்' என்ற சத்தத்தை வைத்து இறக்கச் சொல்வது அனுபவம். அதை மெஷினிடம் கொடுக்கவேண்டாம். நெருப்பின் முன்னால் கையைச் சுற்றிக்கொண்டே இருப்பதை மட்டும் கொடுத்தால் போதும். துடுப்புப் போட்டவரே பதம் பார்ப்பவராக நிற்கட்டும். அவரை வெளியே அனுப்பிவிட்டு மெஷின் வாங்குகிறவர், கூலியை மிச்சப்படுத்தி ருசியைத் தொலைப்பார். அந்த அர்த்தத்தில் அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? ஒரு சின்னப் பட்டறைக்கு இது பெரிய முதலீடு. நாளில் சில மணி நேரமே ஓடும் மெஷினுக்குத் தனியாகக் கடன் வாங்குவது கட்டுப்படியாகாது. பலர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். குறு, சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. பாகை ஓரிடத்தில் காய்ச்சி ஊரெல்லாம் கொண்டுபோக முடியாது, வழியிலேயே இறுகிவிடும். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வெல்லத்தையும் கடலையையும் கொண்டுவந்து, முறை வைத்து, தங்கள் கைப்பக்குவத்திலேயே செய்துகொண்டு போகலாம். வாடகை மட்டும் பொது.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகளை யார் காப்பாற்றுவது? அடுப்பின் முன்னால் நிற்க அடுத்த தலைமுறையில் ஆள் கிடைக்காமல் போவதற்கு முன்பே சங்கங்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினால் நல்லது. பேசுவார்களா?