யார் செய்தால் என்ன?

‘வேலை முடிந்தால் போதும், யார் செய்தால் என்ன?’ என்கிறார்கள், தாம் எடுத்த மொழிபெயர்ப்பை வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் தள்ளிவிடும் ஃப்ரீலான்சர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 40ஆம் பிரிவைப் படியுங்கள். நீங்களே செய்ய வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் நோக்கமென்றால், பிறரை வைத்து முடிக்க முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பின் முதல் உரிமையாளர் மொழிபெயர்த்தவரே. அவர் எழுதிக் கொடுக்காதவரை அந்த உரிமையை நீங்கள் விற்க முடியாது.

மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் குறிப்பில் ‘உணவுக்கு முன்’ என்பது ‘உணவுக்குப் பின்’ ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? வேலையைப் பகிர்வது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். செய்தவருக்கு ஒப்பந்தமும் நியாயமான கூலியும் கொடுங்கள். அனுப்புமுன் வரிவரியாகச் சரிபாருங்கள். முடியாதென்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.