வெயிலே அடுப்பு

சித்திரை வெயிலை வையாதவர் இல்லை. ஆயினும் அதையே அடுப்பாக்கிக் கொண்டவர்கள் நம் பாட்டிமார். தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் மூங்கில்துறைப்பட்டில், கோடை விடுமுறையில் காக்கை ஓட்டுவதே சிறுவர்க்கு உத்தியோகம். பாதி காய்ந்த வடாம் அதற்குச் சம்பளம்.

வடாத்துக்கு அருகே மோர்மிளகாயும் காயும். அதன் பக்குவம் எளிது. கால் கிலோ பச்சைமிளகாயைக் கீறி, உப்புத் தூக்கலான புளித்த மோர் அரை லிட்டரில் ஓரிரவு ஊறவையுங்கள். பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் முழுதும் வற்றியபின் சருகாகக் காயவிட்டு ஜாடியில் வையுங்கள். எண்ணெயில் கருஞ்சிவப்பாகப் பொரித்தால், பழையசோற்றுக்கு வேறு துணை வேண்டாம். ஐப்பசி மழையிலும் கைகொடுக்கும்.

கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். பொட்டலத்தில் பண்டம் வரும், பக்குவம் வராது. பேரப்பிள்ளைகள் அதை இக்கோடையிலேயே கற்கட்டும். வெயில் ஆண்டுதோறும் வரும். பாட்டிமார் என்றும் இருப்பார்களா?