பி.வி.சி. பைப் தண்ணீருக்கு, காற்றுக்கு அல்ல!

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, ஒரு லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள் கோவையில் கணபதி போன்ற பகுதிகளில் ஏராளம். பைப், ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நமக்கு இவர்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். தொழில் கொஞ்சம் வளர்ந்து ஒரு கம்ப்ரசர் வாங்கியதும் ஏர் லைன் இழுக்க நம் கடைக்குத்தான் வருகிறார்கள். "அரை இஞ்ச் பி.வி.சி. ஐந்து லென்த், எல்போ பத்து, சொல்யூஷன் ஒரு டப்பா" என்று கேட்கிறார்கள். நாமும் பில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். எதற்கு என்று கேட்பதில்லை. இனிமேல் கேட்டாக வேண்டும் என்பதே நமது கருத்து.

"பைப்பின் மேல் 10 கிலோ என்று அச்சடித்திருக்கிறது, கம்ப்ரசர் 7 கிலோதானே?" என்று சிலர் வாதிடலாம். அந்த 10 கிலோ தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. ஐ.எஸ். 4985 என்ற தர நிர்ணயமே குடிநீர்க் குழாய்களுக்கானது. அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றோ சூடானது. சூடு ஏற ஏற பி.வி.சி.யின் தாங்கும் சக்தி குறைகிறது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. குழாய் விரிந்தால் கொஞ்சம் நீர் பீறிடும், உடனே அழுத்தம் இறங்கிவிடும். 7 கிலோ அழுத்தத்தில் உள்ள காற்றோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, விரியக் காத்திருக்கிறது. விரிசல் விட்டால் குழாய் வெடித்து, கண்ணாடிச் சில்லுகள் போன்ற துண்டுகள் நாலாபுறமும் பறக்கும். இரண்டு வருடம் ஒன்றும் ஆகாத லைன், மூன்றாம் வருடம் ஒரு ஸ்பேனர் பட்டதும் வெடிக்கலாம். வீட்டுப் பட்டறையில் குழந்தைகளும் நடமாடுவார்கள் என்பதை மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத் தொழிற்சாலை ஒன்றில் இப்படி உடைந்த பி.வி.சி. ஏர் லைனின் துண்டுகள் பட்டு ஒரு தொழிலாளி காயமடைந்தார். அதன் பேரில் அந்நாட்டு அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988 மே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. அங்குள்ள பிளாஸ்டிக் குழாய்த் தொழில் அமைப்பே 1972ல், மண்ணில் புதைக்காமலோ உடையாத உறைக்குள் வைக்காமலோ பிளாஸ்டிக் குழாயில் அழுத்தக் காற்றைக் கொண்டு செல்லக்கூடாது என்று சொல்லியிருந்தது.

"நாம் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்" என்பது உண்மைதான். ஜி.ஐ. பைப் விலை கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தாமாகத் தந்து அது பொய்த்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமல் விட்டாலும், விற்றவர் மீது பொறுப்பு வரலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் அச்சட்டத்தில் நுகர்வோரே. கடைப்பையன் வாய்தவறி "காற்றுக்கும் தாங்கும் சார்" என்று சொல்வது சில நூறு ரூபாய் லாபத்தோடு முடிகிற விஷயமல்ல.

மறுப்பதோடு நிறுத்தாமல், சரியானதைச் சொல்லி விற்போம். ஐ.எஸ். 1239 முத்திரையுள்ள, நீலப் பட்டை போட்ட 'பி' கிளாஸ் ஜி.ஐ. பைப் போதுமானது. கம்ப்ரசரையும் லைனையும் ஹோஸ் மூலம் இணைத்தால் அதிர்வில் ஜாயின்ட் தளராது. மெயின் லைன் காற்று போகும் திசையில் 100 அடிக்கு ஒரு அடி சரிந்திருக்கட்டும். கிளை லைனை மெயினின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால் உள்ளே சேரும் தண்ணீர் மெஷினுக்குப் போகாது. ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு டிரெயின் வால்வு வேண்டும். முதல் சோதனையைத் தண்ணீர் நிரப்பிச் செய்ய வேண்டும். பிறகு சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்கலாம். இந்த விவரங்களைச் சொன்னால் யூனியன், பால் வால்வு, ஹோஸ், ஃபில்டர் என்று நமக்கும் வியாபாரம் கூடும்.

எனவே நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் வேண்டுகோள்: "பி.வி.சி. பைப் ஏர் லைனுக்கு அல்ல" என்று ஒரு அட்டையைக் கடையில் மாட்டுங்கள். ஒரே பஜாரில் உள்ள கடைக்காரர்கள் கூடிப் பேசி இதில் ஒரே முடிவாக இருங்கள். எல்லாக் கடையும் ஒரே பதிலைச் சொன்னால் பக்கத்துக் கடை என்ற பயத்துக்கே இடமில்லை. வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் நம் வியாபாரமும் நிலைக்கும்.