அறுவைக்குப் பின் தடுமாறும் நினைவு

அமராவதிபுதூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் மட்டும் வாழும் வீடுகள் பல. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பும் ஆச்சி, மாத்திரை போட்டோமா என்று குழம்பினால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம்.

வயது மட்டுமே காரணமல்ல. 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 பேரைக் கண்காணித்தது. இதயம் சாராத பெரிய அறுவைக்கு ஒரு வாரம் கழித்து 25.8 சதவீதத்தினருக்கும், மூன்று மாதம் கழித்து 9.9 சதவீதத்தினருக்கும் நினைவும் சிந்தனையும் தளர்ந்திருந்தன. பலர் தேறிவிடுகிறார்கள் என்பது ஆறுதல்.

அறுவைக்கு முன்பே நினைவுத்திறனைச் சோதித்துக் குறித்துவைப்பதை மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும். நோயாளி கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடியும் தெரிந்த முகமும் அருகில் இருக்கட்டும். வீடு திரும்பிய சில வாரங்களுக்கு மாத்திரையை வேறொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நாள்களில் சொத்துப் பத்திரம் எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.